ரோமருக்குச் சொந்தச் சரக்கே கிடையாதா? எட்ருஸ்கர் முதல் கார்த்தேஜ் வரை

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம் நண்பர்களே. வேறொரு குழுவில் ஒருவர் அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்: "ரோமரிடம் சொந்தச் சரக்கு எதுவும் கிடையாது. கிரேக்கக் கடவுளுக்குப் பெயர் மாற்றினார்கள், கிரேக்கச் சிலையைப் பார்த்துச் செதுக்கினார்கள். முடிந்தது கதை." பள்ளிக்கூடத்தில் நாமும் ஸீயஸ் என்றால் ஜூபிடர், ஏரிஸ் என்றால் மார்ஸ் என்று பட்டியல் மனப்பாடம் செய்தவர்கள்தான். ஆனாலும் எனக்கு எங்கோ இடிக்கிறது. ரோம் சின்ன ஊராக இருந்த காலத்தில் அதைச் சுற்றி சபைன்கள், எட்ருஸ்கர்கள், சாம்னைட்டுகள் என்று பல இனத்தார் இருந்தார்கள். ஏதென்ஸோ கடல் தாண்டி இருக்கிறது. அக்கம்பக்கத்தாரின் பங்கு என்ன? படித்தவர்கள் விரித்துச் சொல்லுங்கள்.

பழஞ்சுவடி:

இடிக்க வேண்டிய இடத்தில்தான் இடிக்கிறது தம்பி. எட்ருஸ்கரிடமிருந்து தொடங்குவோம்.

டைபர் ஆற்றைத் தாண்டினாலே அவர்கள் பூமி. வெயி என்ற எட்ருஸ்க நகரம் ரோமிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். காலையில் நடக்க ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். கி.மு. 7, 6ஆம் நூற்றாண்டுகளில் செல்வமும் கைத்திறனும் அந்தப் பக்கம்தான் அதிகம். எல்பா தீவின் இரும்பு அவர்கள் கையில் இருந்தது. கிரேக்க, பினீசியக் கப்பல்கள் அவர்கள் துறைமுகங்களுக்கு வந்துபோயின.

ரோமின் மரபுக் கதைப்படி ஏழு அரசர்கள். அதில் ஐந்தாவது ஆளும் ஏழாவது ஆளும் டார்க்வினியா என்ற எட்ருஸ்க ஊரிலிருந்து வந்த டார்க்வின் குடும்பம். கடைசி டார்க்வினை கி.மு. 509இல் விரட்டியதாகக் கணக்கு. ஆனால் ஆளை விரட்டினார்களே தவிர, அவர் காலத்துச் சாமான் எதையும் வீசி எறியவில்லை. கேப்பிடல் குன்றின் ஜூபிடர் கோயிலை டார்க்வின்கள் தொடங்கினார்கள், குடியரசு திறந்து வைத்தது. உள்ளே இருந்த சுடுமண் ஜூபிடர் சிலையைச் செய்தவர் வெயி ஊர்க் கலைஞர் வுல்கா என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார்.

அதிகாரச் சின்னங்களும் அப்படித்தான். ரோமக் குடியரசின் தலைமை அதிகாரியான கான்சல் முன்னால் ஏவலர் தூக்கிப் போகும் கோல்கட்டும் கோடரியும், தந்த நாற்காலி, ஊதாக் கரை போட்ட டோகா, எல்லாம் எட்ருஸ்க வழி என்று ரோம எழுத்தாளர்களே சொல்கிறார்கள். வெட்டுலோனியாவில் கி.மு. 7ஆம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றில் இரும்பாலான கோல்கட்டு, நடுவில் இரட்டைக் கோடரியுடன் கிடைத்தது. எழுத்தில் இருந்த செய்திக்கு மண்ணிலிருந்து சாட்சி.

கொக்கரக்கோ:

ஐயா, ஒரு சந்தேகம். எட்ருஸ்கரே கிரேக்கரைப் பார்த்துத்தானே வளர்ந்தார்கள்? அவர்கள் கல்லறை முழுக்கக் கிரேக்கப் பானை. முதல் டார்க்வினின் அப்பாவே கொரிந்து ஊரை விட்டு ஓடிவந்த டெமரேட்டஸ் என்று கதை. அப்படியானால் சுற்றிச் சுற்றிக் கடைசியில் கிரேக்கர் வீட்டு வாசலுக்குத்தான் வருகிறோம். அந்தக் குழுக்காரர் சொன்னது சரிதான் போல!

பழஞ்சுவடி:

கொக்கரக்கோ வந்துவிட்டார், இனி இழை ஓடும் :)

கிரேக்கச் சரக்கு எட்ருஸ்கர் வழியாக வந்தது உண்மை. ஆனால் வழியில் நின்றவர்கள் அதை அப்படியே கைமாற்றவில்லை. எழுத்தையே பாருங்கள். யுபோயா தீவுக் கிரேக்கர்கள் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் இன்றைய இஸ்கியா தீவிலும் பிறகு குமையிலும் குடியேறினார்கள். அவர்கள் எழுத்து எட்ருஸ்கருக்குப் போய், அங்கிருந்து லத்தீனுக்கு வந்தது. எட்ருஸ்க மொழியில் 'க'வின் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் வேறுபாடு இல்லை. நமக்கு 'கல்'லுக்கும் 'தங்க'த்துக்கும் ஒரே 'க' போதுமாக இருப்பது போல அவர்களுக்கும் போதுமாக இருந்தது. ஆனால் லத்தீனுக்கு இரண்டு ஒலியும் வேண்டும். கிரேக்கரிடம் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து இருந்தும், ரோமர் நெடுங்காலம் வரிசையில் மூன்றாவதான C என்ற ஒரே எழுத்தை வைத்தே இரண்டையும் எழுதினார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில்தான் அதில் ஒரு கோடு சேர்த்து G என்ற புது எழுத்து உண்டாக்கினார்கள். பழைய வழக்கம் விடவில்லை: கையஸ் என்ற பெயரின் சுருக்கத்தைக் கடைசி வரை பழைய எழுத்தால்தான் எழுதினார்கள். ஏதென்ஸிலிருந்து நேராக வந்திருந்தால் இந்தக் கோளாறு வந்திருக்காது.

அப்புறம், கிரேக்கச் சாயல் அதிகம் இல்லாதவையும் உண்டு. பலி கொடுத்த ஆட்டின் ஈரலைப் பார்த்துக் குறி சொல்வதில் எட்ருஸ்கருக்கு இருந்த பெயர் வேறு யாருக்கும் இல்லை. இடி விழுந்தாலும் விபரீதப் பிறப்பு நடந்தாலும் ரோமின் மூத்தோர் அவையான செனட், எட்ருஸ்கர் நாடான எட்ருரியாவிலிருந்து ஆள் வரவழைக்கும். பியாசென்சா அருகே 1877இல் வயலில் கிடைத்த வெண்கல ஈரலில் நாற்பது கட்டம், ஒவ்வொன்றிலும் தெய்வப் பெயர். குறி படிப்பவனுக்கு அது பாடப்புத்தகம் மாதிரி. களிமண்ணில் இதே வகை ஈரல் பாபிலோனில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாச் சாலையும் கிரேக்கத்துக்குப் போகவில்லை.

இன்னொன்று. விருந்தில் மனைவி கணவனோடு சேர்ந்து சாய்ந்து உண்பதைப் பார்த்து தியோபாம்பஸ் போன்ற கிரேக்கர்கள் எட்ருஸ்கரைக் கன்னாபின்னாவென்று ஏசினார்கள். ரோமப் பெண்களும் விருந்துக்குப் போனார்கள். அந்த விஷயத்தில் ரோம் யார் பக்கம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

செங்கல்சூளை:

கட்டடக்காரன் பார்வையில் கொஞ்சம். கிரேக்கக் கோயிலை நாலு பக்கமும் சுற்றி வரலாம், எந்தப் பக்கத்திலிருந்தும் படியேறலாம். எட்ருஸ்கக் கோயில் அப்படி இல்லை. உயர்ந்த பீடம், முன்பக்கம் மட்டும் படிக்கட்டு, ஆழமான முன்மண்டபம், பின்பக்கம் மூடிய சுவர். ரோமக் கட்டடக் கலைஞர் வித்ருவியஸ் இந்த அமைப்பைத் தனி வகையாகவே விவரிக்கிறார். பிரான்சின் நீம் நகரில் ரோமர் கட்டிய கோயில் இன்றும் முழுசாக நிற்கிறது. தூண் தலைப்பு கொரிந்திய பாணி, அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் 'கிரேக்கம்' என்கிறார்கள். கீழே பீடத்தையும் படியையும் பாருங்கள், உடம்பு எட்ருஸ்கம்.

ஆனால் "வளைவை எட்ருஸ்கர் கண்டுபிடித்து ரோமருக்குக் கொடுத்தார்கள்" என்று ஒரு வரி எங்கும் சுற்றுகிறது. அதை நம்பாதீர்கள். வளைவு மெசபொட்டேமியாவில் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. ரோமின் புகழ்பெற்ற பெரும் சாக்கடையும் முதலில் திறந்த வாய்க்கால்தான், மேலே வளைகூரை வந்தது பிற்பாடு. நீரை வடிப்பதில், பாறையைக் குடைந்து கால்வாய் வெட்டுவதில் எட்ருஸ்கர் கெட்டிக்காரர்கள், அதை மறுக்கவில்லை. வெயியைச் சுற்றி அப்படிப்பட்ட நிலத்தடி வாய்க்கால்கள் ஏராளம்.

சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைக் கலந்து கான்கிரீட் போட்டு, ரோமின் பாந்தியன் கோயில் மாதிரி 43 மீட்டர் அகலக் குவிமாடத்தைக் கம்பி இல்லாமல் நிறுத்தியது யாரிடம் கற்றது? அந்த அளவில் அதற்கு முன் யாரும் செய்ததில்லை. சொந்தச் சரக்கு இல்லை என்பவர் அதன் கீழே போய் நின்று அண்ணாந்து பார்க்கட்டும்.

கடலோடி:

வட ஆப்பிரிக்கக் கரையில் பினீசியர் அமைத்த கார்த்தேஜை ஏன் யாரும் தொடவில்லை? எதிரி என்பதாலா?

கி.மு. 264இல் கார்த்தேஜோடு முதல் போர் (பியூனிக் போர் என்பார்கள்) தொடங்கும்போது ரோமரிடம் பெரிய போர்க்கப்பல் கிடையாது. கரை தட்டிய ஒரு கார்த்தேஜ் கப்பலைப் பிடித்து, அதை மாதிரியாக வைத்து ஐந்து வரிசைத் துடுப்பாளர் கப்பல் 100, மூன்று வரிசைக் கப்பல் 20 கட்டினார்கள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ். கப்பல் தயாராகும் வரை ஆட்களைக் கரையில் பலகையில் உட்கார வைத்துத் துடுப்புப் போடப் பழக்கினார்களாம்! கதை மாதிரி இருக்கிறதா? சிசிலியின் மர்சாலா அருகே 1971இல் கடலடியில் ஒரு பியூனிக் கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. மரத்தில் பினீசிய எழுத்துகளால் தச்சர்கள் குறி போட்டிருந்தார்கள். எந்தத் துண்டு எந்த இடத்தில் சேரும் என்பதற்கான அடையாளம். அப்படிக் குறி போட்ட கப்பல் ஒன்று எதிரி கையில் சிக்கினால் நகல் எடுக்க எவ்வளவு நேரமாகும்?

ஆனால் நகலோடு நிற்கவில்லை. கடல் சண்டையில் தங்களுக்கு அனுபவம் இல்லை என்று தெரிந்து, எதிரிக் கப்பலில் குத்தி நிற்கும் முள் வைத்த பாலம் ஒன்றைச் சேர்த்தார்கள். கடல் சண்டை தரைச் சண்டையாக மாறியது. கி.மு. 260இல் சிசிலிக் கரையின் மைலையில் ரோமத் தளபதி டுயிலியஸ் ஜெயித்தது அப்படித்தான்.

உழவுக்கும் வருகிறேன். கி.மு. 146இல் கார்த்தேஜை எரித்துத் தரைமட்டமாக்கினார்கள். நூலகங்களை ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்கு வாரிக் கொடுத்தார்கள். ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை: கார்த்தேஜ்காரர் மாகோ எழுதிய 28 பகுதி வேளாண் நூல். அதை லத்தீனில் பெயர்க்கச் செனட்டே உத்தரவு போட்டது. ஊரைக் கொளுத்தியவர்கள் உழவு நூலை மட்டும் பத்திரமாக எடுத்துப் போனார்கள். உழவைப் பற்றிப் பின்னால் எழுதிய கொலுமெல்லா, மாகோவை வேளாண்மையின் தந்தை என்றே சொல்கிறார்.

வைகைக்கரை:

அருமை. படை? கிளேடியேட்டர் சண்டை? அது ரோமரின் சொந்தச் சொத்து என்று நினைத்திருந்தேன்.

ஈட்டிமுனை:

படை என்றதும் வந்துவிட்டேன்.

பழைய ரோமப் படை வட்டக் கேடயத்தோடு ஒரே சுவராக நின்றது, அது கிரேக்க-எட்ருஸ்க முறை. சமவெளியில் சரி. சாம்னைட்டுகளோ அப்பெனைன் மலைக்காரர்கள். அவர்களோடு கி.மு. 343 முதல் 290 வரை விட்டுவிட்டு மூன்று போர். நடுவில் கி.மு. 321இல் காடியம் கணவாயில் மொத்த ரோமப் படையும் மாட்டிக்கொண்டு, ஈட்டிகளால் கட்டிய நுகத்தின் கீழே குனிந்து வெளியே வந்தது. மலையில் சுவர் மாதிரி நின்று பயனில்லை. சிறு சிறு அணிகளாகப் பிரிந்து நிற்பது, நீள் கேடயம், எறி ஈட்டி இவையெல்லாம் ரோமப் படையின் அடையாளமானது இந்த நூற்றாண்டில்தான். எல்லாமே சாம்னைட்டுகளிடம் கற்றதா என்று ஆய்வாளர்களிடையே சச்சரவு உண்டு. ஆனால் ரோமர்களே அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள்.

மீதியும் கேளுங்கள். சங்கிலி வளையக் கவசம் கெல்ட்டியரிடமிருந்து வந்தது. தலைக்கவசத்தின் வடிவமும் அவர்களுடையது. இத்தனைக்கும் கி.மு. 390 வாக்கில் ரோமுக்குள் புகுந்து சூறையாடியவர்கள் அந்தக் கெல்ட்டியரில் ஒரு பிரிவான காலியர்கள்தான். குத்தவும் வெட்டவும் பயன்பட்ட அந்தக் குட்டை வாளுக்கு ரோமர் வைத்த பெயரே 'ஸ்பெயின் வாள்'. தலையிலிருந்து இடுப்பு வரை எதிரியிடம் கற்றதைத்தான் போட்டுக்கொண்டு எதிரியோடு சண்டைக்குப் போனார்கள்.

கிளேடியேட்டர் விஷயம்: எட்ருஸ்கரிடமிருந்து வந்தது என்று பழைய எழுத்து ஒன்று உண்டு. ஆனால் தெற்கே பெஸ்டம் நகரில் லுக்கானியர் கல்லறைச் சுவரோவியங்களில் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே இறுதிச் சடங்கில் ஜோடியாக ரத்தம் ஒழுகச் சண்டை போடுகிறார்கள். இன்றைக்குப் பலர் அந்தப் பக்கம்தான் சாய்கிறார்கள், நானும். ரோமில் முதல் சண்டை கி.மு. 264இல், மாட்டுச் சந்தையில், புரூட்டஸ் பெரா என்பவரின் இறுதிச் சடங்குக்காக அவர் மகன்கள் நடத்தியது. கிளேடியேட்டரில் ஒரு வகைக்கே 'சாம்னைட்' என்று பெயர். தோற்ற எதிரியின் வேஷத்தைக் கம்பானியா பகுதிக்காரர்கள் விருந்துக் கூத்தில் போடவைத்தார்கள் என்று லிவி எழுதுகிறார்.

கொக்கரக்கோ:

ஆக, கேடயம் சாம்னைட், வாள் ஸ்பெயின், கவசம் கெல்ட், கப்பல் கார்த்தேஜ், நாற்காலி எட்ருஸ்கம், எழுத்தும் எட்ருஸ்கம், காவியம் கிரேக்கம். திருட்டுச் சாமான் கடை என்று பலகை மாட்டியிருக்கலாம்.

நாணயப்பெட்டி:

காசையும் சேர்த்துக்கொள்ளுங்கள் கொக்கரக்கோ. ரோமர் தாங்களாக இருந்தபோது வெண்கலத்தை எடை போட்டும், பிறகு கனத்த வட்டுகளாக வார்த்தும் பயன்படுத்தினார்கள். ரோமின் பெயரைத் தாங்கிய மிகப் பழைய காசுகளில் ஒன்று நேப்பிள்ஸில் அடிக்கப்பட்டது, எழுத்தும் கிரேக்கம்: "ரோமாயோன்". வெள்ளிக் காசு முறையை எல்லாம் தெற்கத்திக் கிரேக்க ஊர்களைப் பார்த்துத்தான் பிடித்தார்கள். உலகமே அறிந்த டெனாரியஸ் கி.மு. 211 வாக்கில், கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலோடு நடந்த போர் நடுவில் பிறந்தது.

கீழைக்காற்று:

முசிறி, அரிக்கமேடு, மிளகு பற்றி யாருமே பேசவில்லையே? நம்மாள் பங்கும் உண்டு அல்லவா?

மட்டுறுத்துநர்:

கீழைக்காற்று, வணிகம் பற்றித் தனி இழை ஓடுகிறது, அங்கே வாருங்கள். மிளகு போன காலத்தில் ரோம் ஏற்கெனவே பேரரசு. இங்கே அது உருவான காலத்தைப் பேசுகிறார்கள்.

பழஞ்சுவடி:

கொக்கரக்கோவின் கடைப்பலகைக்கு ரோமரே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். ரோம வரலாற்றாசிரியர் சல்லஸ்ட் எழுதிய வரலாற்றில், கி.மு. 63இல் செனட்டில் பேசும் ஜூலியஸ் சீசர் சொல்கிறார்: நம் முன்னோர் ஆயுதங்களைச் சாம்னைட்டுகளிடமும் பதவிச் சின்னங்களைப் பெரும்பாலும் எட்ருஸ்கரிடமும் எடுத்தார்கள். நண்பனிடமோ பகைவனிடமோ நல்லது எது கண்டாலும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், பொறாமைப்படுவதை விடப் பார்த்துச் செய்வதே மேல் என்று நினைத்தார்கள் என்று. மறைத்து வைக்க வேண்டிய திருட்டாக அதை அவர்கள் நினைக்கவில்லை, செனட்டில் மார்தட்டிச் சொல்லும் பெருமையாகத்தான் நினைத்தார்கள்.

ஆனால் கதவு எப்போதும் அகலத் திறந்திருந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். எதை எங்கே வைப்பது என்பதில் கறாராக இருந்தார்கள். கி.மு. 204இல் ஹன்னிபால் இத்தாலியில் இருக்கும்போதே, ஆசியா மைனரிலிருந்து சிபெலி தேவியின் கருங்கல்லைக் கொண்டுவந்து பாலட்டைன் குன்றில் வைத்தார்கள். தேவி வேண்டும். ஆனால் அவளுடைய பூசாரிகள் தங்களைத் தாங்களே விதையடித்துக்கொண்டு தெருவில் மத்தளம் கொட்டி ஆடுவார்கள், அந்தப் பூசாரி வேலைக்கு ரோமக் குடிமகன் போகக்கூடாது என்று தடை. கி.மு. 186இல் மதுக் கடவுள் பாக்கஸ் வழிபாடு கட்டு மீறுகிறது என்று செனட் இத்தாலி முழுவதும் அதை ஒடுக்கியது. கி.மு. 161இல் தத்துவக்காரர்களையும் பேச்சுக்கலை ஆசான்களையும் ஊரை விட்டு வெளியேற்ற ஆணை. கி.மு. 155இல் ஏதென்ஸ் தூதராக வந்த தத்துவக்காரர் கார்னியாடிஸ் ஒருநாள் நீதியைப் புகழ்ந்தும் மறுநாள் அதையே மறுத்தும் பேச, இளைஞர்கள் வாய்பிளந்து கேட்டார்கள். பழைமைவாதச் செனட்டர் மூத்த கேட்டோவுக்குப் பொறுக்கவில்லை. சீக்கிரம் காரியத்தை முடித்து இவர்களை அனுப்பிவையுங்கள் என்றார். அதே கேட்டோவுக்குக் கிரேக்கம் நன்றாகத் தெரியும் என்பதுதான் வேடிக்கை.

வெயியை கி.மு. 396இல் பிடித்தபோது செய்ததையும் கவனியுங்கள். முற்றுகையின்போதே அந்த ஊர் ஜூனோ தேவியிடம், "எங்களோடு வந்துவிடு, பெரிய கோயில் கட்டித் தருகிறோம்" என்று வேண்டுதல். ஊர் விழுந்ததும் சிலையைத் தூக்கிவந்து அவென்டைன் குன்றில் கோயில் கட்டினார்கள். பகைவனின் சாமியையே கட்சி மாற்றிய ஊர் அது.

கடலோடி:

பொருளையும் சாமியையும் எடுத்தது சரி. ஆளையும் எடுத்தார்கள், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. மாசிடோனிய மன்னர் ஐந்தாம் பிலிப் கி.மு. 214 வாக்கில் லாரிசா நகரத்தாருக்கு எழுதிய கடிதம் கல்லில் வெட்டிக் கிடைத்திருக்கிறது. உங்கள் ஊரில் ஆள் குறைந்துவிட்டது, வெளியாரைக் குடிமக்களாகச் சேருங்கள், ரோமரைப் பாருங்கள், அடிமையை விடுதலை செய்தால்கூடக் குடியுரிமை கொடுத்துப் பதவியிலும் பங்கு தருகிறார்கள், அதனால்தான் எழுபது இடங்களுக்குக் குடியேற்றம் அனுப்ப முடிந்தது என்கிறார். எழுபது என்பது மிகை. விடுதலை பெற்றவருக்கே பதவி கிடைக்காது, அவர் பிள்ளைக்குத்தான். ஆனாலும் ஒரு கிரேக்க உலக அரசனுக்கு ரோமின் எந்தப் பழக்கம் பொறாமையூட்டியது பாருங்கள். ஏதென்ஸில் பெரிக்ளீஸ் காலச் சட்டப்படி அப்பா அம்மா இருவருமே ஊர்க்காரராக இருந்தால்தான் குடியுரிமை. இதை ரோமர் கிரேக்கரிடம் கற்கவில்லை என்பது மட்டும் உறுதி.

பழஞ்சுவடி:

கடலோடி எடுத்துக் கொடுத்துவிட்டார். கி.பி. 48இல் பேரரசர் கிளாடியஸ் இதே வாதத்தை வைத்தார். காலியப் பிரபுக்களைச் செனட்டில் சேர்க்க வேண்டும் என்கிறார், செனட்டர்கள் முகம் சுளிக்கிறார்கள். அவர் பழைய அரசர்களை எடுத்துப் பேசுகிறார்: நூமா சபைன் நாட்டிலிருந்து வந்தவர், டார்க்வினின் அப்பா கொரிந்துக்காரர், சர்வியஸ் டூலியஸ் நம்மவர் கதைப்படி அடிமைப் பெண்ணின் மகன், எட்ருஸ்கர் கதைப்படியோ மஸ்தர்னா என்ற அவர்கள் வீரன். வெளியாள் இல்லாத ரோம் எப்போது இருந்தது என்பதுதான் கேள்வி. அந்தப் பேச்சு வெண்கலப் பலகையில் வெட்டப்பட்டு 1528இல் லியோனில் கிடைத்தது. கிளாடியஸ் சும்மா பேசவில்லை, எட்ருஸ்கரின் வரலாற்றை 20 பகுதியாகக் கிரேக்கத்தில் எழுதியவர். அந்த நூல் அழிந்துபோனது. ரோம வரலாற்றில் எனக்கு மிகவும் வயிறு எரியும் இழப்பு அதுதான்.

மஸ்தர்னா வெறும் கற்பனைப் பெயர் இல்லை. வுல்சி ஊரில் 1857இல் திறந்த பிரான்சுவா கல்லறையின் ஓவியத்தில் 'மக்ஸ்த்ர்னா' என்ற பெயரெழுதிய ஆள், கயிலே விபினாஸ் என்ற நண்பனின் கட்டை அறுக்கிறான். பக்கத்தில் கொலையாகிறவனின் பெயர் 'ரோமின் க்னேவே தர்குனியெஸ்'. எட்ருஸ்கர் பார்வையில் ரோம அரசர் கதை எப்படி இருந்தது என்று காட்டும் ஓவியம் அது.

கொக்கரக்கோ:

சரி ஐயா, பலகையை இறக்கிவிடுகிறேன். 'திருட்டுச் சாமான் கடை' வேண்டாம், 'அடகுக் கடை' என்று மாற்றிக்கொள்ளலாமா? ஆனால் இந்த டெமரேட்டஸ், நூமா கதையெல்லாம் நடந்து பல நூறு ஆண்டுக்குப் பிறகு எழுதியது. கிளாடியஸுக்கு அரசியல் தேவை இருந்தது, கதை கைகொடுத்தது. அதை நான் விடமாட்டேன்.

பழஞ்சுவடி:

விடாதீர்கள், நியாயமான பிடிதான். நூமா இருந்தாரா என்பதற்குச் சான்று கிடையாது. ரோமர் தங்களைப் பற்றி எப்படிப்பட்ட கதையைச் சொல்லிக்கொண்டார்கள் என்பதற்கு மட்டும்தான் அது சான்று. இந்த மண்ணில் நாங்களே முளைத்தோம் என்று ஏதென்ஸ்காரர் பெருமை பேசினார்கள். ரோமுலஸ் கதையில் ஊரை நிரப்பியவர்கள் ஓடிவந்தவர்களும் தப்பி வந்தவர்களும்.

வைகைக்கரை:

அந்தக் குழுவில் இதை அப்படியே ஒட்டப் போகிறேன். கடைசியாக ஒன்று: இதையெல்லாம் நேரில் எங்கே பார்க்கலாம்? என் அக்கா அடுத்த வருடம் இத்தாலி போகிறார்.

ஈட்டிமுனை:

ரோமில் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தை விடவே கூடாது. வெயியின் சுடுமண் அப்பல்லோ அங்கே இருக்கிறார். எட்ருஸ்கத்திலும் பினீசியத்திலும் எழுதிய பிர்கி தங்கத் தகடுகளும் அங்கேதான். வெட்டுலோனியாக் கோல்கட்டு பிளாரன்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில், வெண்கல ஈரல் பியாசென்சாவில். கல்லறைச் சண்டை ஓவியங்களுக்குத் தெற்கே பெஸ்டம் போக வேண்டும். பக்கத்திலேயே மூன்று கிரேக்கக் கோயில்கள் நிற்கின்றன, செங்கல்சூளை சொன்ன பீட வித்தியாசத்தையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

பழஞ்சுவடி:

மஸ்தர்னா ஓவியத்தைத் தேடி வுல்சி போய்விடச் சொல்லாதீர்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே சுவரிலிருந்து பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள், ரோமில் வில்லா அல்பானியில் தனியார் வசம் இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டால்தான் உள்ளே விடுவார்கள்.

கொக்கரக்கோ:

பார்த்தீர்களா, எட்ருஸ்கர் சாமானை ரோமுக்குக் கொண்டு போகும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டு வரை விடவில்லை!